வாசிக்காத புள்ளி

விசாரணைக்கு மூன்றரைக்குக் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அப்படியென்றால் நாலரை, ஐந்தரைகூட ஆகலாம், போன தடவை சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்துவிட்டு ஓடி, நிர்வாகக் கட்டடத்து பெஞ்சில் சாயங்காலம்வரை உட்கார்ந்து நகத்தைக் கடித்ததுதான் மிச்சம். இந்தத் தடவை ஓடமாட்டேன். போன் வரட்டும், போகிறேன். அதுவரை என் புள்ளிகளோடு இருக்கிறேன், இவை குறுக்குக் கேள்வி கேட்காது. நகக்கண் அளவு சிலிக்கன் துண்டு, அதன்மேல் ஹாஃப்னியம் ஆக்சைடு பூசிய படலம், படலத்தின்மேல் வரிசை வரிசையாக உலோகப் புள்ளிகள், மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இட்லித் தட்டின் குழிகள் மாதிரி வட்ட வட்டமாக. ஊசியை இறக்க வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகைத் திருப்பினால் ஊசி நுனியும் அதன் நிழலும் ஒன்றையொன்று நெருங்கி வந்து தொட்டுக்கொள்ளும், தொட்டதும் நிறுத்திவிட வேண்டும், இன்னும் கால் சுற்று என்று ஆசைப்பட்டால் புள்ளி கிழிந்து போகும். தொட்டுவிட்டது. திரையில் தடையின் எண் வருகிறது. நேற்றைவிடக் கொஞ்சம் ஏறியிருக்கிறது, மறுபடியும் ஏறியிருக்கிறது, எதிர்பார்த்ததுதான், நோட்டில் குறித்துக்கொள்கிறேன்.

போன மாதம் ஒரு கல்யாணத்தில் பெரியம்மா கேட்டாள், "அப்படி என்னதாண்டி உமையா ஆராய்ச்சி பண்ற?" என்று. "துரு இருக்குல்ல பெரியம்மா, அந்த மாதிரி ஒண்ணு. அதுல கரன்ட் விட்டுப் பாக்கறோம்." "துருவுக்கா ஆறு வருஷம்?" என்றாள், பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், அதைவிட நன்றாக எனக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆக்சைடு சும்மா இருந்தால் மின்சாரத்தை விடாது, மறித்து நிற்கும். ஒரு துடிப்பு கொடுத்தால், கண்ணை இமைப்பதற்குள் முடிந்துபோகிற ஒரு சின்னத் துடிப்பு, உள்ளே இருக்கும் ஆக்சிஜன் அணுக்கள் சில இடம் மாறும், அவை விட்டுப்போன காலி இடங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்ந்து ஒரு பாதை ஆகும், அந்தப் பாதை வழியாக மின்சாரம் இறங்கும், தடை சரிந்துவிடும். எதிர்த் திசையில் ஒரு துடிப்பு கொடுத்தால் பாதை அறுந்து தடை மறுபடி ஏறும். இதில் என்னை ஆறு வருஷம் கட்டிப் போட்டது ஒன்றுதான்: கரன்டை நிறுத்திய பிறகும் அது மாறாமல் அப்படியே இருக்கிறது. தனக்கு நடந்ததைத் தன் உடம்பிலேயே வைத்துக்கொள்கிறது. தடை இறங்கியிருந்தால் ஆம், ஏறியிருந்தால் இல்லை. அதை அறிய வேண்டுமென்றால் கேட்டுத்தான் ஆக வேண்டும், கேட்பதற்கும் ஒரு துடிப்புதான், எழுதுகிற துடிப்பைவிட ரொம்பச் சின்னது, வாசிப்பு என்போம். என் கைடு தனஞ்செயன் சார் வகுப்பில் சொல்வார், வாசிப்பது ஒன்றையும் மாற்றாது, ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிற மாதிரி என்று. மாற்றுகிறது சார். ஆம் என்று எழுதி வைத்த புள்ளியை ஆமாவா, ஆமாவா என்று திரும்பத் திரும்பக் கேட்டுப் பாருங்கள், ஒரு மயிரிழை, ஒரு மயிரிழை என்று அது தெரியாது என்கிற பக்கமாக நகர்கிறது. அறைச் சூட்டினால் இருக்கும், ஏசி சரியில்லை என்கிறார். ஏசி சரியில்லைதான், அது வேறு விஷயம்.

சிவப்பு. ஒயர் சிவப்பு. முதல் தடவை சொல்லும்போது யோசிக்கவே இல்லை, விபத்து நடந்த அன்றே செக்யூரிட்டி அதிகாரி ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துக் கேட்டார், என் துப்பட்டாவெல்லாம் தூசி, "கேபினட்டுக்குள்ள ஒரு சின்ன செவப்பு ஒயரு சார், கதவு சுவிட்சோட ரெண்டு முனையையும் சேத்துக் கட்டியிருந்துச்சு" என்று கடகடவெனச் சொல்லிவிட்டேன். அந்தக் கேபினட் எங்கள் படலம் பூசும் இயந்திரத்துக்கு உயர் மின்னழுத்தம் தருவது, பீரோ உயரம், அதன் கதவைத் திறந்தால் மின்சாரம் தானாக நின்றுவிட வேண்டும், அதற்காகத்தான் கதவு விளிம்பில் அந்தச் சுவிட்ச். முனைகளைச் சேர்த்துக் கட்டிவிட்டால் கதவு திறந்திருப்பது இயந்திரத்துக்குத் தெரியாது. அந்தக் கதவு ஆட்டம் கண்டதால் இயந்திரம் அடிக்கடி பாதியில் நின்று படலங்களைக் கெடுத்துக்கொண்டிருந்தது எல்லாருக்கும் தெரியும். லேபில் என் ஜூனியர் ஜெரோம், ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்டு அன்றைக்குக் காலையில்தான் திரும்பி வந்தான், கதவைத் திறந்தான், திறந்தால் நின்றுவிடும் என்று நாங்கள் எல்லாரும் நம்பியதைப் போல அவனும் நம்பினான், கையை உள்ளே விட்டான், மின்சாரம் தூக்கி எறிந்தது. இரண்டாவது தடவை துறைத் தலைவர் கேட்டார். சிவப்புதானா? ஆமா சார். மூன்றாவது தடவை விசாரணைக் குழு. சிவப்பு என்கிறீர்கள், அந்தக் கேபினட்டில் சிவப்பு ஒயரே கிடையாது, பச்சையும் கறுப்பும்தான், நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். யோசித்தேன். யோசித்ததுதான் தப்பு. அன்றைக்கு ராத்திரி கண்ணை மூடினால் ஒயர் பச்சையாக இருக்கிறது. மறுநாள் சிவப்பு. இப்போது மூடிப் பார்க்கிறேன், பாதி சிவப்பு பாதி பச்சை, இதைப் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள். குழு வந்து பார்த்தபோது ஒயர் எதுவுமே இல்லை. நான் ஆம்புலன்ஸில் ஏறிப் போன பிறகு அறையில் யார் யார் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது, தெரியாததைச் சொல்லவும் மாட்டேன். கதவைத் திறந்து சோதித்துப் பார்த்தார்களாம், மின்சாரம் ஒழுங்காக நிற்கிறதாம். ஆகவே ஜெரோமே கதவைத் திறந்துகொண்டு சுவிட்சை ஒரு விரலால் அமுக்கிப் பிடித்திருக்க வேண்டும் என்று எழுதப் போகிறார்கள். எழுதியே முடித்திருப்பார்கள், என்னைக் கூப்பிடுவது சம்பிரதாயத்துக்கு.

காலையில் மெர்சி போன் பண்ணினாள், ஜெரோமின் தங்கை, ஆஸ்பத்திரியிலேயே கிடக்கிறாள், "யக்கா, சாப்புட்டியளா?" என்று ஆரம்பித்தாள். "சொல்லும்மா" என்றேன். "கையில தையல் பிரிச்சாச்சுக்கா. ரெண்டு வெரல்தான் தேறும்னுட்டாவ. அது கெடக்கட்டும். அண்ணனுக்கு அன்னைக்கு நடந்தது ஒண்ணுமே ஞாபகம் இல்லைக்கா, பஸ்ஸ விட்டு எறங்குனது மட்டும் தெரியுதாம். நேத்து ராத்திரி என்னய எழுப்பிக் கேக்கான், ஏட்டி, நாந்தான் அந்த சுவிட்சப் புடிச்சிருப்பனோ, எல்லாரும் சொல்லுதாவளே, நாந்தான் செஞ்சிருப்பேம் போலன்னு." அவள் அழவில்லை, நான் அழுதுவிடுவேனோ என்று பயந்தேன். "நீங்க பாத்தத சொல்லுங்கக்கா, கூடக் கொறைய வேண்டாம், பாத்தத மட்டும்." அதுதானே மெர்சி பிரச்சினை, பார்த்தது. பார்த்ததை வைத்துக்கொண்டுதான் நான் இந்தப் பாடுபடுகிறேன். எழுந்து ஊசி சரியாகத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்தேன், தொட்டுக்கொண்டிருக்கிறது, உட்கார்ந்தேன், மறுபடி எழுந்து பார்த்தேன். கேஸ் அடுப்பை மூடினேனா என்று தெருமுனைவரை போய்த் திரும்பி வருகிறவள் நான், என் பேச்சை யார் நம்புவார்கள், நானே நம்புவதில்லை. ஜெரோம் அப்படி இல்லை. ஒரு தடவை பார்த்தால் போதும் அவனுக்கு, என்னைக் கேலி செய்வான், "அக்கா, அந்தத் திருகு உங்களப் பாத்தாலே பயப்படுது" என்பான். அப்படிப்பட்டவன் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு கட்டிலில் கிடக்கிறான். இல்லாத ஒன்றை அவனுக்குள் எழுதிவிட்டார்கள். விரலைச் சுவிட்ச்மேல் வைத்தேன், வைத்தேன் என்று அவனே நாளைக்கு எல்லாரிடமும் சொல்லப் போகிறான், சாகும்வரை சொல்லுவான்.

தனஞ்செயன் சாரை வில்லன் ஆக்கினால் எனக்குச் சுலபமாக இருக்கும். அப்பா இறந்த அன்று விடியற்காலையில் சார்தான் தன் காரில் என்னைத் தேவகோட்டைவரை கொண்டுபோய் விட்டார், வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை, ஒரு டீக்கடையில் நிறுத்தி டீயை என் கையில் கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை வெயிலில் நின்றார். போன வாரம் அதே காரில் வைத்துத்தான் கேட்டார். "உமா, நீ பாத்ததைச் சொல்ல வேணாம்னு நான் சொல்லலை. ஆனா அந்தப் பதட்டத்துல நிச்சயமா பாத்தியான்னு ஒரு தடவை யோசிச்சுக்கோம்மா. ஒரு லேபையே மூடிருவாங்க." அம்மா என்றார். அப்போதுதான் சிவப்பு எனக்கு முழுசாகக் கலைந்தது. திரும்பிப் பார்த்தால் அவர் ஸ்டியரிங் உறையைப் பிய்த்துக்கொண்டிருந்தார், எனக்குப் பாவமாகவும் இருந்தது, கன்னத்தில் ஒன்று விட வேண்டும் போலவும் இருந்தது. என் ஆய்வேடு அவர் மேசையில் இருக்கிறது. அவர் கையெழுத்து இல்லாமல் அது பழைய பேப்பர். முப்பத்திரண்டு வயதில் இன்னொரு கைடைத் தேடி, இன்னொரு ஊரில், மறுபடி முதலிலிருந்து, பெரியம்மா இன்னொரு ஆறு வருஷமா என்பாள், அம்மா ஒன்றும் சொல்லமாட்டாள், அதுதான் தாங்காது. பயமாக இருக்கிறது. ஒயர் பார்த்த மாதிரி இருந்தது, சரியாக ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டால் போதும், அது பொய்கூட இல்லை, இன்றைய நிலவரப்படி சத்தியம். அதுதான் கொடுமை. இத்தனை பேர் கேட்டுக் கேட்டு, உண்மையைச் சொன்னாலே பொய்க்கு உதவுகிற இடத்துக்கு என்னைக் கொண்டுவந்து விட்டார்கள்.

நேரம் மூன்றரையைத் தாண்டிவிட்டது, போன் வரவில்லை, பார்த்தீர்களா. கடைசி வரிசைக்குப் போகலாம். இந்த வரிசையை நான் எழுதிவிட்டு அதன்பின் தொடவே இல்லை. மற்றப் புள்ளிகளை எழுதிய அன்றே, அதே துடிப்பால், இவற்றிலும் ஆம் என்று எழுதினேன், பிறகு விட்டுவிட்டேன், சூட்டினால்தான் நகர்கிறது என்றால் இவையும் நகர்ந்திருக்க வேண்டும், இதே துண்டு, இதே அறை, இதே கெட்டுப்போன ஏசி. ஒரே ஒரு தடவைதான் கேட்க முடியும், முதல் கேள்வியோடு இது தொடாத புள்ளி இல்லை என்றாகிவிடும், அதனால்தான் இத்தனை வாரம் கை வைக்காமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். ஊசியைத் தூக்கு. நகர்த்து. இறக்கு, மெதுவாக, நிழல் வருகிறது, நிழலும் நுனியும், தொட்டுவிட்டது. ஒரு துடிப்பு. எண் வருகிறது. எழுதிய அன்று வந்த அதே எண். பக்கத்துப் புள்ளி, அதுவும். அதற்கடுத்தது, அதுவும். எல்லாம் அப்படியே இருக்கின்றன, நேற்று எழுதின மாதிரி. சூடு இல்லை சார். கேட்டதால்தான். சந்தோஷப்பட வேண்டும், ஒரு கட்டுரைக்கு இது போதும், ஆனால் நான் எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்குள்ளும் அப்படி ஏதாவது இருக்குமா. அதே அன்றைக்கு, அதே துடிப்பில் எழுதப்பட்டு, யாரும் கேட்காமல் விட்டது. எல்லாரும் என்ன கேட்டார்கள்? என்ன பார்த்தாய், எங்கே பார்த்தாய், என்ன நிறம். விபத்து நடந்தபோது மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்திருந்தேன் என்றதும், சரி, அப்போது நீங்கள் எதையும் பார்க்கவில்லை என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். பிறகு என்ன செய்தீர்கள்? ஓடிப்போய் மெயின் சுவிட்சை இழுத்தேன். நல்ல காரியம் செய்தீர்கள். அதோடு ஒயர், ஒயர், ஒயர். மெயினை இழுத்ததைப் பற்றி யாரும் அதற்குமேல் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை.

இழுத்தபோது விசில் நின்றது. இதோ, இதுதான். அந்தக் கேபினட்டின் மின்விசிறிக்கு ஒரு மெல்லிய விசில் உண்டு, மின்சாரம் ஓடும்வரைதான் அது கேட்கும், பம்புகளின் இரைச்சலுக்கு மேலே ஒரு நூல் மாதிரி, நான்கு வருஷமாகக் கேட்டுக் கேட்டுக் காதுக்கே தெரியாமல் போன சத்தம். ஜெரோம் தரையில் கிடந்தான், கேபினட்டை விட்டு இரண்டு முழம் தள்ளி, மல்லாந்து, கதவு விரியத் திறந்திருந்தது, சுவிட்சை அமுக்கிப் பிடிக்க அங்கே யாரும் இல்லை, ஒரு விரலும் இல்லை, விசில் ஓடிக்கொண்டிருந்தது. அவனைத் தாண்டிக் குதித்துப் போய் மெயினை இழுத்தேன், என் கைக்குக் கீழே அந்த விசில் இறங்கி, இறங்கி, நின்றது. அவன் பிடித்திருந்தால் அவன் விழுந்த நொடியிலேயே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. நான்தான் நிறுத்தினேன். போதும், இதற்குமேல் போகாதே உமையாள், தொடாதே, விசில் எந்தச் சுருதி என்று கேட்காதே, எத்தனை நேரம் என்று கேட்காதே, நிஜமாகவே கேட்டாயா அல்லது அவனைக் காப்பாற்ற ஆசைப்பட்டு இப்போது உண்டாக்கிக்கொள்கிறாயா என்று, அதை மட்டும் கேட்காதே, கேட்டால் அதுவும் நகர ஆரம்பித்துவிடும். வேறு எதையாவது நினை. இட்லி. அம்மாவின் கண் ஆபரேஷன். ஏசிக்குப் புகார் கொடுக்க வேண்டும். என் உள்ளங்கைக்குத் தெரிகிறது, அந்த நெம்புகோலின் குளிர்ச்சியும் சத்தம் அடங்கிய விதமும் ஒன்றாக அங்கே இருக்கின்றன, நான் கையை மூடி வைத்துக்கொள்கிறேன். போன் அடிக்கிறது. "மேடம், கமிட்டில கூப்பிடறாங்க, சீக்கிரம் வாங்க" என்கிறான் அலுவலகத்துப் பையன், இத்தனை நேரம் என்னால்தான் தாமதம் என்கிற மாதிரி.

மூன்று பேர் நீள மேசைக்கு அந்தப் பக்கம், நடுவில் தலைவர், மின்பொறியியல் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர், ஓரத்தில் தட்டச்சு செய்கிற ஒரு அம்மாள். "உட்காருங்கம்மா. உங்களை ரொம்ப அலைக்கழிக்கிறோம். அந்த ஒயர் விஷயம் ஒண்ணை மட்டும் முடிச்சிட்டாப் போதும். சிவப்பா, பச்சையா, இல்ல ஒயரே இல்லையா?" என்றார். கனிவாகத்தான் கேட்டார். "ஒயர் இருந்துச்சு சார். கலர் இப்ப தெரியல, நிறைய பேர் கேட்டுட்டீங்க" என்றேன். அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துப் புன்னகை செய்தார், பேனாவை எடுத்தார். "இன்னொண்ணு இருக்கு சார், அதை யாரும் கேக்கல" என்று சொல்லிவிட்டு, வந்த மாதிரியே சொன்னேன், அவன் தரையில் கிடந்ததை, திறந்த கதவை, விசிலை, மெயினை இழுத்ததும் அது அடங்கியதை. சொல்லி முடிக்கும் முன்னாலேயே அவருக்குப் புரிந்துவிட்டது, ஆயுசு முழுக்க மின்சாரத்தோடு இருந்தவர், புன்னகை போய்விட்டது. "அவர் விழுந்த பிறகும் சப்ளை இருந்ததா? நிச்சயமா? கொஞ்சம் திரும்பச் சொல்லுங்க." மூடிய கையை மேசைமேல் வைத்தேன். "திரும்பச் சொல்லமாட்டேன் சார். நான் சொன்னதை முதல்ல எழுதுங்க, எழுதினதைப் படிச்சுக் காட்டச் சொல்லுங்க, நான் கையெழுத்துப் போடறேன். அதுக்கப்புறம் எத்தனை தடவை வேணும்னாலும் கேளுங்க." அவர் தட்டச்சுக்கார அம்மாளைப் பார்த்துத் தலையசைத்தார்.

வெளியே பெஞ்சில் தனஞ்செயன் சார் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார், வாயைத் திறந்தார், என் முகத்தில் என்ன இருந்ததோ, கேட்காமலே உட்கார்ந்துவிட்டார். என் ஆய்வேடு போயிற்று என்று அப்போதே தெரிந்தது, அவரைத் தாண்டிப் படியிறங்கினேன். போர்ட்டிகோவில் நின்று மெர்சிக்கு அடித்தேன். "அண்ணன்கிட்ட குடும்மா." கொஞ்ச நேரம் கட்டில் கிறீச்சிடுகிற சத்தம், அப்புறம் அவன் மூச்சு. சொன்னேன். ஒரு தடவைதான் சொன்னேன். "அப்ப நா இல்லியாக்கா?" என்றான். "நீ இல்ல ஜெரோம்" என்றேன். அவன் சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழ ஆரம்பித்தான், மெர்சி பின்னால் என்னண்ணே, என்னண்ணே என்று கேட்டுக்கொண்டே இருந்தாள், நான் போனை வைக்காமல் அங்கேயே நின்றேன்.